டக்கார் விமான நிலையத்தின் பெயரில் இருக்கும் பிளேஸ் தியாஞ்: உரிமை வாங்கித் தந்தவரா, ஆள் பிடித்துக் கொடுத்தவரா?

செம்பூர் முந்திரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் செம்பூரில் வசிக்கிறேன். வாஷி சந்தையில் முந்திரி மொத்த வியாபாரம் செய்யும் ஓர் இடத்தில் கொள்முதலைக் கவனித்துக்கொள்கிறேன். அதனால் மேற்கு ஆப்பிரிக்காவில் கொட்டை இறங்கும் பருவத்தில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது செனகலுக்குப் போய்வர நேர்கிறது. டக்காரின் பழைய விமான நிலையம் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோரின் பெயரில் இருந்தது. 2017 டிசம்பரில், நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் திறக்கப்பட்ட புதிய நிலையத்துக்குப் பிளேஸ் தியாஞ் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை நெடுஞ்சாலையில் வரும்போது, அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று வண்டியோட்டியிடம் கேட்டேன். அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அவர் இல்லையென்றால் என் பாட்டனாரை யாரும் மனிதக் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள்" என்றார். மறுநாள் தரகர் அலுவலகத்தில் ஒரு கிலோ கொட்டையை எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டிப் பருப்பைப் பிரித்து எடை போட்டுக்கொண்டிருந்த இளைஞனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தலைக்கு இவ்வளவு என்று எங்கள் ஆட்களை வெள்ளைக்காரனுக்கு விற்றவர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தான்.

ஒரே மனிதரைப் பற்றி இப்படி இரண்டு பேச்சு. இணையத்தில் தேடியதில், 1914-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் என்று அறிந்தேன். அந்த ஆண்டில் நம் பம்பாயில் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை மிகச் சிலருக்கே இருந்தது. கோட்டைப் பகுதியில் தாதாபாய் நவ்ரோஜி சாலை வழியாகப் போகும்போதெல்லாம், 1892-இல் இலண்டனில் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் வென்ற அந்தப் பெரியவர் நினைவுக்கு வருவார். தியாஞ்சும் அவரைப் போன்றவர்தானா? அவர் எப்படி வென்றார்? ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார் என்பது உண்மையா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கலினா பழைய மாணவர்

மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகத்தில் ஆப்பிரிக்க ஆய்வு படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒரு எதிர்க்கேள்வி: அந்த வண்டியோட்டி எந்த ஊர்க்காரர், அந்த இளைஞன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டீர்களா? கேட்கவில்லையென்றால் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு பேச்சுக்கும் காரணம் அதில் இருக்கக்கூடும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நவ்ரோஜியோடு ஒப்பிடலாம், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நவ்ரோஜியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இலண்டனின் ஆங்கிலேய வாக்காளர்கள். தியாஞ்சைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆப்பிரிக்க மண்ணில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள். செனகல் கடற்கரையில் சேன் லூயி, கோரே, ருஃபிஸ்க், டக்கார் என்ற நான்கு ஊர்களுக்குப் பிரான்சின் நகராட்சிகளுக்குரிய முழு அந்தஸ்து இருந்தது. சேன் லூயிக்கும் கோரேவுக்கும் 1872-இலும், ருஃபிஸ்க்குக்கு 1880-இலும், டக்காருக்கு 1887-இலும் அது கிடைத்தது. இந்த ஊர்களில் பிறந்தவர்களை ஒரிஜினேர் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் தம் சொந்தச் சட்டப்படியே வாழ்ந்துகொண்டு, பாரிஸ் மன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தார்கள். அந்த இடம் 1848-இல் முதன்முதலாகக் கிடைத்து, இடையில் பறிக்கப்பட்டு, 1879-க்குப் பிறகு நிலைபெற்றது. நான்கு ஊர்களின் எல்லைக்கு வெளியே காலை வைத்தால் நிலைமை தலைகீழ். அங்கே இருந்தவர்கள் குடிமக்கள் அல்லர், வெறும் பிரஜைகள். விசாரணையின்றித் தண்டிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கட்டாய வேலை உண்டு. வாக்கு மட்டும் கிடையாது.

தியாஞ் 1872 அக்டோபர் 13 அன்று கோரே தீவில் பிறந்தார். தந்தை சமையற்காரர், தாய் வீட்டு வேலை செய்தவர். தாய்வழி வேர் இன்றைய கினி-பிசாவு பக்கம் என்பார்கள். முந்திரி வாங்குபவருக்கு அந்தப் பெயர் புதிதாக இராது. கிரெஸ்பென் என்ற கலப்பினக் குடும்பத்தார் பையனின் சூட்டிகையைக் கண்டு எடுத்து வளர்த்து, பிளேஸ் என்று ஞானஸ்நானம் செய்வித்துப் படிக்க வைத்தார்கள். 1890-களின் தொடக்கத்தில் சுங்கத்துறையில் சேர்ந்தார். தகோமே, காங்கோ, ரெயூனியோன், மடகாஸ்கர், கடைசியில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா என்று ஓர் இடத்தில் நிலைத்து இருக்கவிடாமல் துறை அவரை மாற்றிக்கொண்டே இருந்தது. மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டும் குணம் அதற்கு ஒரு காரணம். வெள்ளை அதிகாரிக்குச் சமமாக நடத்தும்படி கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதுதான் அந்தச் 'சண்டைக்காரர்' பட்டத்தின் உள்ளடக்கம்.

1914 தேர்தலுக்கு வந்து நின்றபோது அவர் சொந்த ஊரில் ஏறக்குறைய அந்நியர். இருபது ஆண்டுகளாக வெளியே இருந்தவர். எதிரில் நின்ற பிரான்சுவா கார்போ 1902-இலிருந்து உறுப்பினராக இருந்த கலப்பினத்தவர். வாக்காளர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். ஆனாலும் அதுவரை வென்றவர்கள் எல்லாரும் வெள்ளையர்களும் கலப்பினத்தவர்களும்தான். பிரான்சின் போர்தோ துறைமுக நகரத்து வணிகக் குடும்பங்களின் பணமும் கலப்பினக் குடும்பங்களின் செல்வாக்கும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் விவகாரமாகவே தேர்தல் இருந்தது.

அதை உடைத்தவை இரண்டு. முதலாவது, அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரிஜினேர்களின் உரிமையை நிர்வாகம் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் குடிமக்களா, வாக்காளர்கள் மட்டும்தானா என்ற கேள்வியை எழுப்பிப் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்கும் வேலை நடந்தது. ஊருக்கு வெளியே போனால் அவர்களும் பிரஜைகளே என்ற வாதமும் வந்தது. இருக்கும் உரிமை போய்விடுமோ என்ற அச்சத்துக்கு இருக்கும் வேகம், இல்லாத உரிமையைக் கேட்பதற்கு வராது. இரண்டாவது, டக்காரின் பூர்வகுடிகளான லெபு மக்கள். மீன்பிடியும் விவசாயமும் செய்த அவர்களின் நிலங்கள்மேல்தான் துறைமுக நகரம் எழுந்தது. நிலத்துக்கு ஈடு கிடைக்கவில்லை என்ற மனக்கசப்பைத் தியாஞ் நேரடியாகப் பேசினார். ருஃபிஸ்க்கைச் சேர்ந்த கலாண்டு தியூஃப் என்ற கறுப்பினத் தலைவர் தோள் கொடுத்தார். (பிற்பாடு அவரே பரம எதிரியானார்.) முதல் சுற்றில் தியாஞ் முன்னணியில் வந்ததும் எதிர்த்தரப்பார் திகைத்துப் போனார்கள். 1914 மே 10 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். தேர்தல் செல்லாது என்று வழக்காட முயன்றார்கள். ஜூலையில் பாரிஸ் மன்றம் தேர்தலை ஏற்றுக்கொண்டது.

இதில் மும்பைக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. அதே மாதங்களில் டக்காரில் பிளேக் பரவியது. குடிசைகளைக் கொளுத்தி, ஆப்பிரிக்கர்களை நகரத்துக்கு வெளியே மெதினா என்ற புதுக் குடியிருப்புக்கு விரட்டினார்கள். 1896 பிளேக்குக்குப் பிறகு பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் வந்து, வீடுகள் இடிபட்டு, தாதர், மாட்டுங்கா பக்கம் புதிய மனைகள் போடப்பட்டதை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புரியும். வேறுபாடு என்னவென்றால், டக்காரில் விரட்டப்பட்டவர்களின் கையில் வாக்குச்சீட்டு இருந்தது. அவர்கள் அப்போதுதான் தேர்ந்தெடுத்திருந்த ஆள் பாரிசில் இருந்தார். நகரத்திலிருந்து முழுவதுமாக அவர்களை வெளியேற்ற நிர்வாகத்தால் முடியவில்லை.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. ஒரிஜினேர்களை நிர்வாகம் வழக்கமான பிரெஞ்சுப் படையில் சேர்க்க மறுத்தது. சேர வேண்டுமென்றால் குறைந்த சம்பளமுள்ள காலனிப் படைப்பிரிவில் பிரஜைகளோடு சேர்ந்துகொள்ளலாம் என்றது. தியாஞ் பிடித்த பிடி இதுதான். வரி, சட்டம் எல்லாவற்றுக்கும் நாங்கள் குடிமக்கள் என்றால் போருக்கும் குடிமக்களாகவே வருவோம் என்றார். 1915 அக்டோபர் 19 சட்டம் அவர்களைக் குடிமக்களுக்குரிய இராணுவச் சேவைக்கு உட்படுத்தியது. 1916 செப்டம்பர் 29 சட்டம் ஒரே வாக்கியம்: நான்கு நகராட்சிகளில் பிறந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும், முந்தைய ஆண்டுச் சட்டத்தின் இராணுவக் கடமைகளுக்கு உட்பட்ட பிரெஞ்சுக் குடிமக்களாக "இருக்கிறார்கள், தொடர்ந்து இருப்பார்கள்". அந்த "இருக்கிறார்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "இனி ஆக்கப்படுகிறார்கள்" என்று எழுதியிருந்தால், அதுவரை இல்லை என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். பிற்காலத்தில் வேறொரு சட்டத்தால் கொடுத்ததை எடுத்துக்கொள்ளவும் வழி இருந்திருக்கும். சுங்கத்துறையில் கோப்புகளோடு இருபது ஆண்டுகள் மல்லாடியவர் வைத்த சொல் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். தங்கள் மதச் சட்டத்தையும் கைவிடாமல் முழுக் குடியுரிமை பெற்றது பிரெஞ்சுப் பேரரசில் வேறு எங்கும் அந்த அளவுக்கு நடக்கவில்லை.

1918 பற்றியும் காசு பற்றியும் தனியாக எழுதுகிறேன், நீளமாகிவிட்டது.

காரைக்கால் மருமகள்

மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது காரைக்கால் குடும்பத்தில். கலினா ஐயா எழுதியதைப் படித்ததும் என் மாமியார் வீட்டுப் பேச்சு நினைவுக்கு வந்தது. அங்கே பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களைச் 'சொல்தா' என்பார்கள். நகராட்சித் தலைவரை 'மேர்' என்பார்கள். செனகல்காரர்களுக்கும் நமக்கும் ஒரே எஜமானர் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்துக்கும் சேர்த்துப் பாரிஸ் மன்றத்தில் ஓர் இடம் இருந்தது. நம்மவர்களும் தம் சாதி, மதச் சட்டங்களை விடாமலே வாக்களித்தார்கள். 1881-இல் ஓர் ஆணை வந்தது. சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு முழுக் குடிமக்கள் ஆகலாம் என்றது. அவர்களைத்தான் 'ரெனோன்சான்' என்றார்கள். நீதிமன்றத்துக்குள் காலணி அணிந்து போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றார். ஆக, துறந்தால் குடிமகன் என்பது புதுச்சேரி வழி. துறக்காமலே குடிமகன் என்பது தியாஞ் வாங்கிய வழி. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. 1914 ஏப்ரல், மே மாதங்களில் டக்காரில் தேர்தல் நடந்தபோது, அதே பொதுத்தேர்தல் புதுச்சேரியிலும் நடந்தது. பாரதியார் அங்கே வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. அரவிந்தரின் நண்பரான பால் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் போட்டியிட்டுப் படுதோல்வி அடைந்தார். வென்றவர் போல் புளூய்சேன், அவரும் பிரெஞ்சுக்காரர். தமிழர் ஒருவர் அந்த இடத்தில் உட்கார 1945 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வாக்காளர் பட்டியலில் நம்மவர்கள்தாம் பெரும்பான்மை. பெட்டியில் விழுந்ததோ ஊர்ப் பெரிய மனிதர் யாருக்குக் கைகாட்டினாரோ அந்தப் பெயர். செனகலில் தியாஞ் உடைத்தது எதை என்று இதிலிருந்து விளங்குகிறது.

சயான் வாசகர்

இரண்டு பதிவுகளும் அருமை. ஆனால் ஒரு சிறு திருத்தம்: பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் என்று தியாஞ்சைப் பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியல்ல. கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலிருந்து லெஜித்திமுஸ் என்பவர் 1898-லேயே போய்விட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து போன முதல் கறுப்பின உறுப்பினர் என்பதே சரி.

இன்னொரு விஷயம், கலினா நண்பர் 1918-ஐத் தள்ளிவைத்திருக்கிறார். உரிமை வாங்கித் தந்த கதையை மணக்க மணக்கச் சொல்லிவிட்டு, ஆள் பிடித்த கதையைப் பிறகு பார்க்கலாம் என்பது வக்கீல் வேலை. முந்திரி நண்பர் கேட்டது அதைத்தானே?

கலினா பழைய மாணவர்

சயான் நண்பர் குட்டியது நியாயம். திருத்தமும் சரி, நான் "முதல்" என்று எழுதாமல் தப்பித்தேன்.

1917 ஏப்ரலில் நிவெல் என்ற தளபதி நடத்திய தாக்குதலில் கறுப்பினப் படைகள் குளிரிலும் சேற்றிலும் மாண்டு குவிந்தன. அந்த ஜூனில் நாடாளுமன்றத்தின் மூடிய கூட்டத்தில் எழுந்து, இது பயனற்ற படுகொலை என்று தளபதிகளைச் சாடியவர் தியாஞ். அதே மனிதர்தான் 1918 ஜனவரியில், பிரதமர் கிளெமான்சோ அழைத்ததும், மேலும் ஆட்களைத் திரட்டித் தரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு டக்காருக்குக் கப்பலேறினார். இந்த ஏழு மாத இடைவெளிதான் அவர் வாழ்க்கையின் முடிச்சு.

ஆப்பிரிக்காவில் அப்போது ஆள்பிடிப்பு ஏற்கெனவே கலகத்தில் முடிந்திருந்தது. இன்றைய புர்க்கினா ஃபாசோவில் 1915, 16-இல் ஊர் ஊராக மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் ஆளுநர்-நாயகமாக இருந்த வான் வொலன்ஹோவன், இனி ஒருவரையும் எடுக்க முடியாது, எடுத்தால் காலனியே பாழாகும் என்று எழுதினார். தமக்கு இணையான அதிகாரத்தோடு ஒரு கறுப்பர் வந்து இறங்குவதை ஏற்காமல் பதவி விலகிப் போர்முனைக்குப் போய், அந்த ஜூலையில் இறந்தார். தியாஞ் ஊர் ஊராகப் போனார். பதக்கம் அணிந்த கறுப்பின அதிகாரிகளைத் தம்மோடு கூட்டிப்போனார். வெள்ளை அதிகாரிகள் அவருக்கு எழுந்து நின்று வணக்கம் செலுத்துவதை மக்கள் பார்த்தார்கள். அந்தக் காட்சியே பாதிப் பிரசாரம். போரில் சேர்பவர்களுக்கும் குடும்பங்களுக்கும் வரிவிலக்கு, தண்டனைச் சட்டத்திலிருந்து விடுதலை, தகுதி உள்ளவர்களுக்குக் குடியுரிமை, டக்காரில் மருத்துவப் பள்ளி என்று வாக்குறுதிகள் தந்தார். கேட்டதைவிடக் கூடுதலாக, மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 63,000 பேர் சேர்ந்தார்கள். மருத்துவப் பள்ளி வந்தது. குடியுரிமை விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே வந்தது.

இனிக் காசு. ஆளுக்கு இவ்வளவு என்று தரகு வாங்கினார் என்ற பேச்சு, 1924 அக்டோபரில் பாரிசில் வெளிவந்த ஒரு கறுப்பின இதழில் அச்சேறியது. எழுதியவர் ரெனே மரான்; அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு கொன்கூர் என்ற பிரெஞ்சு இலக்கியப் பரிசு வாங்கிய எழுத்தாளர். தியாஞ் அவதூறு வழக்குப் போட்டு வென்றார். குற்றச்சாட்டை நிரூபிக்க இதழால் முடியவில்லை, சிறிது காலத்தில் அது நின்றும் போயிற்று. எனவே தரகர் அலுவலக இளைஞன் சொன்னது நூறாண்டு வயதான வாக்கியம். நீதிமன்றத்தில் நிற்காத வாக்கியமும்கூட.

ஆனால் தியாஞ்சை நான் அத்தோடு விட்டுவிடவில்லை. காசு வாங்கினார் என்ற பொய்யைப் பிடித்துக்கொண்டிருப்பதால், அவர் உண்மையில் செய்தது பார்வைக்கு வராமல் போகிறது. 1919-இல் மறுபடி நின்று கார்போவைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார். நகராட்சிகளையும் அவருடைய ஆட்கள் கைப்பற்றினார்கள். அவரே டக்காரின் மேயரானார். அந்த உச்சத்திலிருந்து 1923-இல் போர்தோ வணிகர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அவர்கள் இவரை எதிர்ப்பதை நிறுத்துவார்கள், இவர் அவர்களுடைய நலன்களுக்குத் துணை நிற்பார் என்பது ஏற்பாடு. எந்தக் கூட்டத்தை உடைத்து வென்றாரோ அதே கூட்டத்தின் மேசையில் உட்கார்ந்துவிட்டார். 1928-இல் பழைய தோழர் கலாண்டு தியூஃப் எதிரில் நின்றபோது, தியாஞ் மயிரிழையில் தப்பினார். நிர்வாகம் உள்ளே கை வைத்தது என்ற புகார் அன்றே எழுந்தது. 1914-இல் நிர்வாகத்தை மீறி வென்றவர், 1928-இல் நிர்வாகத்தின் தயவில் வென்றார் என்று எதிரிகள் சொன்னார்கள்.

1930-இல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பை ஒழிக்கும் உடன்படிக்கையை விவாதித்தபோது, பிரான்சின் சார்பில் போய் அந்த முறைக்காக வாதாடியவர் தியாஞ். என் கணக்கில் 1918-ஐவிட இதுவே கனமான குற்றம். 1918-இல் எதிரே ஒரு போர் இருந்தது, வாக்குறுதிகளை அவர் நம்பியிருக்கலாம். 1930-இல் அந்தச் சாக்குகள் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு பிரதமர் லவாலின் அமைச்சரவையில் காலனிகளுக்கான துணைச் செயலரானார். பிரெஞ்சு அரசாங்கத்தில் அமர்ந்த முதல் ஆப்பிரிக்கர். 1934 மே 11 அன்று, பதவியில் இருக்கும்போதே, பிரான்சின் காம்போ லெ பேன் என்ற ஊரில் இறந்தார். அவருடைய இடத்துக்குத் தியூஃப் வந்தார்.

அவர் கடைசிவரை நான்கு ஊர்களின் உறுப்பினராகவே இருந்தார். வெளியே இருந்த இலட்சக்கணக்கான பிரஜைகளுக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை இல்லை, தோற்கடிக்கவும் உரிமை இல்லை. 1918-இல் போர்முனைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பிரஜைகள். கட்டாய உழைப்பை ஒழித்த சட்டம் 1946 ஏப்ரலில் ஊஃபுவே-புவாஞி பெயரிலும், எல்லாரையும் குடிமக்களாக்கிய சட்டம் அந்த மே 7-இல் லமீன் கேயெ பெயரிலும் வந்தன. இருவரும் மேற்கு ஆப்பிரிக்க உறுப்பினர்களே. அதனால்தான் முதலிலேயே ஊரைக் கேட்கச் சொன்னேன்.

காரைக்கால் மருமகள்

ஐயா, வான் வொலன்ஹோவன் விலகியதும் அந்த இடத்தில் தற்காலிக ஆளுநர்-நாயகமாக உட்கார்ந்து, தியாஞ்சின் ஆள்திரட்டலோடு ஒத்துழைத்தவர் கப்ரியேல் ஆங்கூல்வான். ஐவரி கோஸ்டில் ஊர்களை அடக்கி ஒடுக்கியதற்குப் பெயர் போனவர். அவர் 1924 முதல் 1928 வரை பாரிஸ் மன்றத்தில் எந்தத் தொகுதிக்கு உறுப்பினராக இருந்தார் தெரியுமா? நம் பிரெஞ்சிந்தியாவுக்கு! தியாஞ்சும் அவரும் ஒரே மன்றத்தில் அமர்ந்திருந்தார்கள். ஒருவரைக் கோரே தீவின் மண் அனுப்பியது. மற்றவரைப் புதுச்சேரி, காரைக்கால் வாக்காளர்கள், தங்கள் ஊரோடு ஒட்டோ உறவோ இல்லாதவரை, அனுப்பி வைத்தார்கள். மாமனாரின் தகப்பனாரும் அதில் வாக்களித்திருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

சயான் வாசகர்

கலினா நண்பருக்கு நான் கொடுத்த வக்கீல் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு. 1918-ஐ 1930-ஐவிட இலகுவாகக் கருத என்னால் முடியவில்லை. அந்தப் போரில் மேற்கு ஆப்பிரிக்கப் படையினர் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டார்கள். ஒரு வாரம் முன்பு வரை பெயரே கேட்டிராத நாட்டுக்காகச் சாகப் போகிறவனிடம் குடியுரிமை தருவோம் என்று சொல்லும்போது, அந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்பது சொல்பவருக்குத் தெரிந்தே இருக்கும். நம்பிச் சொன்னார் என்பது சலுகை.

பந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு ஒரு துணுக்கு: அவருடைய மகன் ராவுல் தியாஞ் 1931-இல் பிரெஞ்சுக் கால்பந்து அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர், 1938 உலகக் கோப்பையிலும் ஆடினார். பிற்பாடு செனகல் அணியின் பயிற்சியாளராகி, 1963-இல் டக்காரில் பிரான்சின் தொழில்முறையற்ற அணியைத் தோற்கடிக்க வைத்தார்.

செம்பூர் முந்திரி

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் தாமதித்ததற்குக் காரணம், கலினா ஐயா சொன்னபடி இருவரிடமும் ஊரைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

வண்டியோட்டி லெபு இனத்தவர், டக்காரிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். பாட்டனார் தியாஞ்சின் தேர்தலில் வாக்களித்தவராம். கொட்டை வெட்டும் இளைஞன் தெற்கே காசமான்ஸ் பகுதியில், ஜிகின்ஷோருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஊரைச் சேர்ந்தவன். அந்த ஊர்க்காரர்களுக்கு 1946 வரை வரிச்சீட்டு மட்டும் உண்டு, வாக்குச்சீட்டு கிடையாது என்று எழுதினான். கொள்ளுப்பாட்டனாரின் அண்ணன் 1918-இல் போனவர், திரும்பவில்லை. பட்டியலில் பெயரை எழுதியவர் ஊர்ப்பெயரையே ஆளின் பெயராக எழுதிவிட்டதால், எங்கே புதைத்தார்கள் என்று தேடவும் வீட்டாருக்கு வழி இல்லாமல் போயிற்றாம்.

1924 வழக்கைப் பற்றி அவனுக்கு விளக்கமாக எழுதினேன், தரகு வாங்கியதாக நிரூபணம் ஆகவில்லை என்றும் சொன்னேன். நேற்று இரவு பதில் வந்தது: "சரி, தலைக்கு இவ்வளவு என்பதை விட்டுவிடுகிறேன். மீதியை விடமாட்டேன்."